முட்டி விலகும் பச்சைப் பொட்டுகள்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கழுத்து வலி எப்படி இருக்கிறது? இங்கே மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் அவள் அதையும் நலத்தில்தான் சேர்க்கிறாள். போனில் பேசினால் "வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அடுத்த வருடம் நான் கணிதப் பிரிவில் சேர வேண்டும். அப்பா வணிகப் பிரிவு என்கிறார். போன வாரம் வாக்குவாதம் முற்றியபோது அவர் சொன்னது இது: "நம்ம குடும்பத்துல கணக்குல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவ உன் பெரியம்மா பொண்ணு ஒருத்திதான். இவளுக்குக் கணக்கு வரும்னு அவ ஒரு லெட்டர் போடட்டும், கையெழுத்துப் போடறேன். இல்லன்னா இந்தப் பேச்சே வேண்டாம்." படிவம் கொடுக்கக் கடைசி நாள் பிப்ரவரி 28. ஆக, என் பதினொன்றாம் வகுப்பு உங்கள் பேனாவில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தண்ணீரில் எப்படி நீந்துகின்றன என்று நீங்கள் கணக்குப் போடுவதாகப் பெரியம்மா சொன்னாள். நான் ஆறு நாட்களாக அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருக்கிறது. உயிரியல் டீச்சர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் வைத்திருக்கிறார். "அதுல என்ன மிஸ் தெரியும்?" என்று யாராவது கேட்டால், "பரீட்சைக்கு வராது" என்பார். ஆய்வகக்காரர்தான் எனக்காகப் பேசினார். "குடுங்க மேடம். இந்தப் பொண்ணு உடைக்காது. உடைஞ்சிருந்தா ஒட்ட வச்சுக் குடுக்கும்."

அப்பா வேலை பார்க்கும் தண்ணீர் நிலையத்தின் தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் பச்சைத் தண்ணீர் எடுத்து வந்தேன். அதில் உருண்டையான பச்சைப் பொட்டுகள் ஓடுகின்றன. எங்கே போக வேண்டும் என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேரைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரிகிறது. நீங்கள் எழுதுவது இந்தப் பாசியைப் பற்றித்தானா?

பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை


ஆகஸ்ட் 29

பூதக்கண்ணாடிக்கு,

நலம். கழுத்து வலி அப்படியே இருக்கிறது. நாற்காலி மாறினால் போகும், நாற்காலி மாறாது. சித்தியையும் சித்தப்பாவையும் கேட்டதாகச் சொல்.

ஆம், அந்தப் பாசிதான். நீ குளத்தில் கை வீசி நிறுத்தினால் கொஞ்ச தூரம் வழுக்கிப் போவாய். அவை போகாது. அவற்றின் அளவுக்குத் தண்ணீர் கெட்டித் தேன் மாதிரி. அசைவை நிறுத்திய கணமே நின்றுவிடும். செய்த அசைவையே அப்படியே திருப்பிச் செய்தால் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடும். இதெல்லாம் யாரும் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை, சமன்பாடு சொன்னது. நான் ஐந்து வருடமாக அந்தப் பாசியைப் பற்றி எழுதுகிறேன். ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் வந்ததில்லை.

வேடிக்கை பார்ப்பது கணிதம் என்றால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் பேராசிரியர்கள்.

என் கணக்குப்படி, சுவரை நெருங்கும் பாசி சுவருக்கு இணையாகத் திரும்பி அதை ஒட்டியே நீந்தும். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் இதுதான். உடனே பார்த்து உறுதி செய்கிறேன் என்று கிளம்பிவிடாதே. சமன்பாட்டுக்கு உன் சான்றிதழ் வேண்டாம்.

சித்தப்பாவுக்கு எழுதுவதைப் பற்றி யோசிக்கிறேன். நீ எழுதிய கடிதத்தில் கணிதம் ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தாயா?

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்காலியின் மேல் ஒரு தலையணையை மடித்து வைத்துப் பாருங்கள் என்று அம்மா சொல்லச் சொன்னாள். நாங்கள் நலம்.

நீங்கள் கிளம்ப வேண்டாம் என்றீர்கள். கிளம்பிவிட்டேன். மன்னிக்கவும்.

உடைந்த கண்ணாடித் துண்டுகள் இரண்டை இரு பக்கமும் வைத்து நடுவில் ஒரு சந்து விட்டேன். அதில் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர். மேலே மெல்லிய மூடி. மதிய இடைவேளையில் இருபது நிமிடம் கிடைக்கும். ஒவ்வொரு பொட்டும் சந்தின் சுவரில் போய் முட்டுவதை எண்ணினேன். ஐந்து நாளில் நூறு. அந்த நூறில் எட்டுதான் சுவரை ஒட்டிப் போயின. மற்ற தொண்ணூற்றிரண்டும் முட்டி, ஒரு கணம் தயங்கி, ஏறக்குறைய ஒரே சாய்வில் விலகிப் போய்விட்டன.

பக்கத்து மேசையில் சாப்பிடும் என் தோழி கேட்டாள், "இதை எண்ணி என்னடி பண்ணப்போற?" எங்கள் அக்காவின் நான்காம் அத்தியாயத்துக்கு என்றேன். "உங்க அக்கா கேட்டாங்களா?" இல்லை என்றேன். "அப்ப அவங்களுக்கும் வேலை இல்ல, உனக்கும் வேலை இல்ல," என்று சொல்லிவிட்டுத் தயிர்ப் பாத்திரத்தை நக்கினாள். அவளுக்கு விளக்குவதில் பயனில்லை.

நீங்கள் கேட்ட கணிதம்: நூற்றுக்கு எட்டு. ஒட்டிப் போக வேண்டியவை ஏன் போகவில்லை?

அறியும் ஆவலுடன்
தங்கை


அக்டோபர் 2

பூதக்கண்ணாடிக்கு,

தலையணை சரிப்படவில்லை. சித்திக்கு நன்றி சொல்.

உன் கேள்விக்குப் பதில் சுலபம். உன் மூடியின் ஓரம் காய்ந்துகொண்டே இருக்கும். காயும் பக்கம் தண்ணீர் இழுபடும், அதோடு பாசியும் இழுபடும். விளக்குச் சூடு வேறு. உன் பள்ளி நுண்ணோக்கி உன் உயிரியல் டீச்சரைவிட மூத்ததாக இருக்கும். நீ எண்ணிய நூறில் எத்தனை பாசி, எத்தனை அழுக்கு என்று உனக்கே தெரியாது. இப்படிக் கிடைத்த எண்ணை எங்கள் துறையில் காகிதக் கூடையில்கூடப் போடமாட்டோம், கூடைக்குக் கேவலம்.

சித்தப்பாவுக்கு நான் என்னவென்று எழுத? உங்கள் மகள் சாப்பாட்டு நேரத்தில் அழுக்கை எண்ணுகிறாள் என்றா? பெரிய பெண்ணாக நடந்துகொள்.

அக்கா


அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அம்மாவின் முழங்கால் தேவலை. உங்களுக்குத் தலையணை சரிப்படாததில் அவளுக்கு வருத்தம்.

ஒன்றில் நீங்கள் சொன்னது சரி. ஓரம் காய்ந்துகொண்டுதான் இருந்தது. சந்தின் ஓரத்தில் ஒரு தூசியை வைத்துப் பார்த்தேன், அது மெல்ல நகர்ந்தது. ஆகவே செப்டம்பரில் எண்ணிய நூறையும், நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டேன். பிறகு மெழுகுவர்த்தியை உருக்கி மூடியின் நான்கு ஓரமும் அடைத்தேன். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தை நுண்ணோக்கியின் அடிக் கண்ணாடியில் பிடித்தேன். தூசி இப்போது அசையவில்லை. முதலிலிருந்து எண்ணினேன். முந்நூறு. விலகியவை இருநூற்று எழுபத்தொன்று. அழுக்கு நீந்தாது என்பது எனக்குத் தெரியும், அக்கா.

அடுத்ததைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

அயோடின் ஒரு துளி விட்டால் பாசி செத்துவிடுகிறது. செத்ததும் அதன் ஒரு முனையில் வால் போல இரண்டு மெல்லிய இழைகள் தெரிகின்றன. ஆனால் செத்தது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று சொல்லாது. அதனால் உயிரோடு இருப்பவற்றை மெதுவாக்க வேண்டியிருந்தது. காகிதம் ஒட்டும் பசையைத் தண்ணீரில் கரைத்துக் கலந்தேன். வெளிச்சத்தையும் மிகவும் குறைத்தேன். குறைத்தால்தான் இழை தெரிகிறது. ஆய்வகக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் கண்ணை மட்டும் நம்பக் கூடாதல்லவா. அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு கையையும் முன்னாடி நீட்டித் தண்ணிய ஒதுக்கிக்கிட்டுப் போகுதும்மா. நீச்சல் தெரிஞ்ச ஆளு மாதிரி."

இழைகள் முன்னால் இருக்கின்றன. பின்னால் இல்லை.

பாக்டீரியா போலப் பின்னாலிருந்து தள்ளிப் போகும் உயிர் சுவரை ஒட்டும் என்றும், முன்னாலிருந்து இழுத்துப் போவது அப்படி ஒட்டாது என்றும் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். கணக்கில் இரண்டுக்கும் ஒரே ஒரு குறிதான் வித்தியாசமாம், கூட்டலா கழித்தலா என்று. உங்கள் கணக்கில் என்ன குறி?

பணிவுடன்
தங்கை


டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஆறு வாரமாகப் பதில் இல்லை. பெரியம்மாவைக் கேட்டால் "அவ நல்லாத்தான் இருக்கா, யாரோடயும் பேசல" என்கிறாள். எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்ததில் ஒரு சின்ன ஆறுதல்.

படிவம் வந்துவிட்டது. மஞ்சள் காகிதம். பிரிவு என்ற இடத்துக்கு எதிரே ஒரு கட்டம், கீழே பெற்றோர் கையொப்பம். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "லெட்டர் வந்துச்சா?" என்றார். வரவில்லை என்றேன். "வராதுன்னா அதுவே ஒரு பதில்தான்," என்றார்.

உயிரியல் டீச்சர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மேற்பார்வைக்கு ஆட்கள் வருகிறார்களாம், அலமாரி பூட்டியிருந்தால்தான் ஒழுங்காகத் தெரியுமாம்.

குறியைப் பற்றிக் கேட்டது தவறென்றால் அதையாவது எழுதுங்கள்.

தங்கை


ஜனவரி 3

என் தங்கமே,

எப்படி இருக்கிறாய்? நன்றாகச் சாப்பிடுகிறாயா? சித்தி, சித்தப்பா எல்லோரும் நலம்தானே? உன்னை நினைக்காத நாளில்லை. சின்ன வயதில் நீ என் மடியில் உட்கார்ந்து எண்கள் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தாமதத்துக்குக் காரணம் வேலைதான். மூத்த மாணவர் ஒருவர் பாக்டீரியாவுக்காக எழுதிய கணினி நிரலைத்தான் இங்கே எல்லோரும் பயன்படுத்துகிறோம். அளவையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டால் போதும் என்பது இங்குள்ள வழக்கம். நான்காம் அத்தியாயத்தை முழுக்க மறுபடி ஓட்ட வேண்டி வந்தது. மார்ச் முதல் வாரத்தில் வாய்மொழித் தேர்வு. கழுத்தைத் திருப்பவே முடியவில்லை.

ஒரு சின்ன உதவி. நீ எண்ணிய நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி வை. நகல் வேண்டாம், அசலே வேண்டும். சும்மா பார்க்கத்தான். அது வந்ததும் சித்தப்பாவுக்குக் கட்டாயம் எழுதுகிறேன்.

ஆசையுடன்
அக்கா


ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நீங்கள் என்னைத் தங்கமே என்று அழைத்தது இதுதான் முதல் முறை. அம்மா முதல் வரியைப் படித்துவிட்டு, "இது வேற யாருக்கோ வந்த லெட்டர்டி" என்று உறைக்குள் திரும்பப் போட்டுவிட்டாள். உங்கள் மடியில் நான் உட்கார்ந்ததாகவும் அவளுக்கு நினைவில்லை. நீங்கள் அப்போதே புத்தகத்தை மடியில் வைத்திருப்பீர்கள், இடம் இருந்திருக்காது என்கிறாள்.

நோட்டு இத்துடன் வருகிறது. என்னிடம் வேறு பிரதி இல்லை. அத்தியாயத்தை எதனால் மறுபடி ஓட்ட வேண்டி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

தங்கை


பிப்ரவரி 10

அன்புத் தங்கைக்கு,

நலம். நோட்டு கிடைத்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது.

இத்துடன் இரண்டு காகிதங்கள். ஒன்று சித்தப்பாவுக்கு. உறையை ஒட்டவில்லை, நீயும் படிக்கலாம். மற்றொன்று என் நான்காம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். அச்சாகிவிட்டது. நீ மகிழ்வாய் என்று அனுப்புகிறேன். நம் குடும்ப விஷயம் நமக்குள் இருக்கட்டும். வெளியே யாராவது கேட்டால் பாசி, நோட்டு என்றெல்லாம் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

படிவத்தை நேரத்தோடு கொடுத்துவிடு.

அக்கா


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

எங்கள் நலத்துக்குக் குறைவில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ஆய்வாளர் நேரடியாகக் கவனித்த நானூறு மோதல்களில் முந்நூற்று அறுபத்து மூன்று, சுவரிலிருந்து விலகுவதில் முடிந்தன."

நேரடியாகக் கவனித்த ஆய்வாளர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. நானூறு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கிறேன். நான் எண்ணியது முந்நூறு. மிச்ச நூறு, செப்டம்பரில் ஓரம் காய்ந்த சந்தில் எண்ணியது. காகிதக் கூடைக்குக் கேவலம் என்று நீங்களே எழுதியது. அந்தப் பக்கங்களில் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன். அதைப் பற்றி உங்களுக்கு எழுதியும் இருக்கிறேன். கோட்டை என்னவென்று நினைத்தீர்கள், அலங்காரம் என்றா? கூடையில் போட்டதைக் கூடையிலிருந்தே எடுத்து உங்கள் பெயரில் அச்சடித்திருக்கிறீர்கள். அக்கா, அழுக்கை எண்ணியது நான் இல்லை.

அப்பாவுக்கு எழுதிய கடிதத்தையும் படித்தேன். "ஒழுக்கமும் ஆர்வமும் உள்ள பெண். கணிதம் வரும்." இதை எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கும் எழுதலாம், தயிர்ப் பாத்திரத்தை நக்குகிறவளுக்கும் சேர்த்து. எனக்கு இந்தக் கடிதம் மிகவும் தேவைப்பட்டது. ஆறு மாதமாகத் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் இதைக் கொடுத்து நான் கணிதம் படிக்கப்போனால், முந்நூறு வருவதற்குப் பதில் நானூறு வந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதைத்தான் முதல் பாடமாகப் படித்திருப்பேன். அதனால் அப்பாவிடம் கொடுக்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். "அவ்ளோ படிச்சவ தப்புப் பண்ணுவாளா? உனக்குக் கணக்கு வருதோ இல்லையோ, கொழுப்பு வருது," என்றார். அம்மா, "நல்லாத்தானே எழுதியிருக்கா, குடுத்துட்டுப் பேசாம இருந்திருக்கலாம்ல," என்றாள். படிவம் கையெழுத்தில்லாமல் அலமாரியில் இருக்கிறது. இன்னும் பன்னிரண்டு நாள்.

உங்கள் தேர்வாளருக்கு நான் எழுதமாட்டேன். கோள் சொல்வது என் வேலை இல்லை. திருத்துவது உங்கள் வேலை. முந்நூறு. இருநூற்று எழுபத்தொன்று.

தங்கை


மார்ச் 9

தங்கைக்கு,

நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன்.

வாய்மொழித் தேர்வு முடிந்தது. பட்டம் உண்டு.

உன் கடிதம் வந்த அன்று உன்னை நினைத்து எவ்வளவு ஆத்திரப்பட்டேன் என்று எழுதினால் இந்தத் தாள் போதாது. மறுநாள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கோடு இருந்தது. பக்கத்தை மறுபடி அச்சடித்து, ஐந்து பிரதியிலும் பழையதன் மேல் ஒட்டினேன். ஒட்டியதால் அந்தப் பக்கம் தடித்துப்போயிற்று. தேர்வாளர் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அது தானாக அங்கேதான் திறந்தது.

"இதை யாரும்மா எண்ணினது? நீங்களா?" என்றார். நான் எண்ணினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த கேள்வி எப்படி எண்ணினீர்கள் என்று வரும். எனக்கு நுண்ணோக்கியில் எந்தக் கண்ணை வைப்பது என்றுகூடத் தெரியாது. என் தங்கை என்றேன்.

"எந்தப் பல்கலைக்கழகம்?"

"பத்தாம் வகுப்பு."

"இழை முன்னாடி இருக்குன்னு கண்டுபிடிச்சது?"

"அவதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

அறையில் இருபது பேர் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். உன்னை நினைத்துச் சிரிக்கவில்லை.

பிறகு சமன்பாட்டை ஒரு மணி நேரம் கேட்டார். அதில் ஒரு தவறும் இல்லை. அது என்னுடையது. உன் பெயர் அந்தப் பக்கத்தின் அடியில் வரும், அவர் போடச் சொன்னார். நோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். சித்தப்பாவுக்கும் நடந்ததை எழுதியிருக்கிறேன். நாள் கடந்துவிட்டது என்று தெரியும்.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நோட்டு பத்திரமாக வந்தது. உங்களுக்குப் பட்டம் கிடைத்ததில் அம்மாவுக்கு மகிழ்ச்சி. கழுத்துக்கு இனியாவது நல்ல நாற்காலி தருவார்கள் என்கிறாள்.

உங்கள் கடிதத்தில் நன்றி என்ற சொல்லை மூன்று முறை தேடினேன். என் கண்ணில் படவில்லை. ஆய்வகக்காரரைக் கூப்பிட்டுக் காட்டவில்லை.

அப்பா பிப்ரவரி 27ஆம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் தொட்டியின் விளிம்பில் நின்று பாசியை முறைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு குளோரின் விட்டாலும் பச்சை ஒரே மூலையில்தான் சேர்கிறதாம். பத்து நாளாக என்னோடு சரியாகப் பேசாதவர், "ஏன் அங்கயே போய் நிக்குது?" என்றார்.

"தெரியலப்பா," என்றேன்.

"இவ்ளோ நாள் அதைத்தானே பாத்துக்கிட்டிருந்த?"

"ஒண்ணொண்ணா எப்படி நீந்துதுன்னு பாத்தேன். கோடிக்கணக்குல சேர்ந்தா என்ன பண்ணும்னு பாத்துச் சொல்ல முடியாது. அதுக்குக் கணக்குப் போடணும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"பதினொண்ணுல கொஞ்சம். காலேஜ்ல மீதி. அப்பவும் தெரியாமப் போகலாம்."

அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். பிறகு சொன்னார்: "உங்கக்கா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்தப்ப அவளையும் இங்க கூட்டிட்டு வந்து இதையேதான் கேட்டேன். அரை மணி நேரம் பேசினா. எனக்கு ஒரு எழவும் புரியல. புரியாததனால பெரிய ஆளுன்னு நெனச்சுட்டேன்." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு படிவத்தைக் கேட்டார். உங்களுக்குக் கடிதம் போட்ட மறுநாளே அதை அலமாரியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தேன். பம்பு அறை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கணிதப் பிரிவு என்று கட்டத்தில் நானே எழுதினேன்.

அவருக்கு நீங்கள் எழுதிய கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு முறை படித்தார். "இதை எழுத அவளுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்," என்றார். இருந்திருக்கும். எனக்கு இதுவரை இரக்கம் வரவில்லை, வந்தால் தெரிவிக்கிறேன்.

ஆகவே நீங்கள் எனக்காக இனி எதுவும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஆய்வேட்டில் ஒரு பிரதி மட்டும் அனுப்பி வையுங்கள். சமன்பாடுகள் புரிய எனக்கு ஏழெட்டு வருடம் ஆகும், பரவாயில்லை. தவறு ஏதாவது கண்ணில் பட்டால் பென்சிலால் லேசாகக் குறித்து அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை